கிராணி வீட்டுக்கு அடியில் நின்ற பிக்கப்

யார் யார் இருந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறவனுக்குச் சாட்சி வேண்டும். இந்தச் சாட்சிகள் எல்லாரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டுக்குப் போனால் நீங்களே கேட்கலாம்.

இடம், அப்துல் ரசாக் அண்ணனின் சாப்பாட்டுக் கடை. நேரம், மத்தியானக் கூட்டம் கலைந்த மூன்று மணி. காற்றாடிக்கு நேர் கீழே ரசாக் அண்ணன். அவருக்கு எதிரே அவருடைய அக்கா மகன் உஸ்மான். குனோங் ராபாட்டில் வண்டி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். குழம்புத் தட்டுகளுக்குப் பின்னால், துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தபடி ஆமினா அக்கா, அண்ணனின் மனைவி. மேசையின் கடைசியில், கால்வாய்ப் பக்கம், நான். யுகேந்திரன். அந்தக் கடையின் பிக்கப் ஓட்டுநர்.

உஸ்மானுக்கு முன்னால் தேநீர் இருந்தது. அண்ணனுக்கு முன்னால் தேநீர் இருந்தது. எனக்கு வைக்கவில்லை. ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். பிக்கப்பில் இஞ்சின் எண்ணெய் குறைந்துகொண்டே போனது. எந்த இஞ்சினும் கொஞ்சம் குடிக்கும், அது ஊரறிந்தது. ஆனால் இது பச்சைப் பிள்ளை பால் குடிப்பதுபோல் குடித்தது. ஊற்றுவேன், ஒரு வாரத்தில் ஆயில் ஸ்டிக்கின் நுனியில்தான் ஈரம் இருக்கும். கோலகங்சார் சாலை ஏற்றத்தில் சிவப்பு விளக்கு எரிந்து, வாழையிலைக் கட்டுகளோடு நடுவழியில் நின்றும் இருக்கிறேன்.

உஸ்மான் தான் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொன்னான். கீழே ஒழுகவில்லை. புகையில் நீலம் இல்லை. டர்போ குழாய் உள்ளே காய்ந்து கிடக்கிறது. இஞ்சின் மூச்சு விடும் வால்வைக் கழுவிப் போட்டாயிற்று. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் ஒரே மாதிரி.

"இஞ்சின் குடிக்கல மாமா. குடிச்சா வாய் நாறும்லா. இதுக்கு நாறல."

ரசாக் அண்ணன் தேநீரை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப யாரு குடிக்கிறா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எடுக்கவில்லை என்றேன். எடுத்து என்ன செய்யப் போகிறேன் என்றேன். வேறு வண்டிக்கு ஊற்றலாமே, விற்கலாமே என்று உஸ்மான் தரையைப் பார்த்துச் சொன்னான். அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு போலீஸ் நிலையத்தில் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். எங்கள் ஊர் சின்ன ஊர். ஓட்டுநருக்கு ஒருமுறை திருடன் என்று பெயர் விழுந்தால், பாகான் செராய் வரைக்கும் யாரும் சாவியைக் கையில் தரமாட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர்.

அதனால் நானே பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

பிக்கப் இரவில் நிற்கும் இடம் கிராணி வீடு. பழைய ரப்பர் தோட்டத்துக் கணக்கரின் வீடு. தோட்டம் விற்றுப்போய், தொழிலாளர்கள் இருந்த லயங்களை இடித்து, சுற்றிலும் செம்பனை வைத்துவிட்டார்கள். இந்த ஒரு வீடுதான் மிச்சம். ஆள் உயர மரத்தூண்கள்மேல் நிற்கும் பலகை வீடு. ரசாக் அண்ணன் அதை வாங்கி, வெள்ளையடித்து, கோலாலம்பூர்க் குடும்பங்கள் சனி ஞாயிறு வந்து தங்கிப்போகும் விடுதியாக்கிவிட்டார். மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்கு அடியில் நடுவே ஓர் இடத்தில் தூண் இல்லை. மேலே ஓர் இரும்புத் தண்டவாளத்தைக் குறுக்கே கொடுத்திருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் பிக்கப்பை நிறுத்துவேன். சாயங்காலம் விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் வீட்டுக்குப் போவேன். காலையில் வந்து எடுப்பேன்.

திங்கள் சாயங்காலம் இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ஆயில் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தேன். மேல்கோடு வரை இருந்தது. ஊற்றும் மூடியின்மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். கீழே வடிக்கும் போல்ட்டில் வெள்ளைச் சாயத்தால் கோடு இழுத்தேன். தரையில் அட்டை விரித்தேன். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன்.

மறுநாள் காலை காகிதம் கிழியவில்லை. கோடு விலகவில்லை. அட்டையில் ஒரு சொட்டும் இல்லை.

எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

எல்லார்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. உஸ்மானிடம் மாற்றுச் சாவி இருக்குமோ? அண்ணனின் மகன் அஸ்வான் இரவில் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுகிறானோ? ஓடிய தூரத்தைப் பார்த்தேன். நான் விட்ட எண்ணிலேயே நின்றது. ஆமினா அக்காவைக்கூட விடவில்லை. மீன் பொரிக்கிற சட்டியை எட்டிப் பார்த்தேன் என்றால் பாருங்கள்.

அப்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது.

அந்த வளாகத்தில் மரம் என்று எது இருந்தாலும் கரையான் தின்றுவிடும். புதிதாக நட்ட விளம்பரப் பலகையின் கால், கழிப்பறைக் கதவு, ஆட்டுக்கொட்டகை எல்லாம் தூளாகிவிட்டன. வீட்டுத் தூண்களில் மட்டும் ஒரு கரையான் கோடுகூட இல்லை. ஒவ்வொரு தூணும் தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை கறுப்பாக இருந்தது. அந்தக் காலத்தில் லயத்துத் தூண்களுக்கு லாரியில் வடித்த பழைய எண்ணெயைப் பூசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கரையான் மண்ணிலிருந்துதானே ஏறும், முழங்கால் வரை பூசினால் போதும்.

அஸ்வானிடம் கேட்டேன். "நாங்க எதுவும் பூசல அண்ணே. வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

புதன்கிழமை காலை ஒரு தூணைத் தொட்டேன்.

ஈரம்.

முகர்ந்தேன். டீசல் இஞ்சினில் ஓடிக் கருகிய எண்ணெய். ஏழு வருடமாக என் நகத்தில் இருக்கிற வாசம். எனக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலம் 6.40க்கு வண்டியை அங்கே விட்டேன். கிளம்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈப்போப் பக்கத்து மழை தெரியும்தானே, எதிரே நிற்கிற ஆள் தெரியமாட்டார். சரி, இருந்தே பார்த்துவிடுவோம் என்று நின்றேன். எவன் வந்து எடுக்கிறானோ, இன்றைக்குப் பிடிபடட்டும். பிக்கப்பின் முன்பக்கத்தில் முதுகைச் சாய்த்து, அந்தத் தண்டவாளத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டேன்.

7.10. மின்சாரம் போனது. செம்பனைகள் முதலில் இருண்டன, பிறகு காணாமல் போயின. கூரைத் தகரத்தில் மழை கொட்டியது.

7.22. மழைக்கு நடுவே ஒரு சத்தம்.

சர்ர்… சர்ர்… சர்ர்…

தேங்காய் மட்டையால் மரத்தைத் தேய்ப்பது போல. வீட்டின் கோடித் தூணிலிருந்து வந்தது. ஆடு உடம்பைத் தேய்க்கிறது என்று நினைத்தேன். கைப்பேசி விளக்கைப் போட்டேன்.

ஆடு இல்லை. ஆள் இல்லை.

தூண் பளபளத்தது. முழங்கால் உயரத்திலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது.

பிறகு…

ளொப்.

ஏதோ ஒன்றை எண்ணெயில் தோய்த்து எடுக்கிற சத்தம். அது தூண் பக்கத்திலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மூடியிருந்த இஞ்சினுக்குள்ளிருந்து.

நான் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம். முடியவில்லை.

சர்ர்… சர்ர்…

அடுத்த தூண். விளக்கைக் காட்டினேன். காய்ந்திருந்த மரம் என் கண்ணுக்கு முன்னால் ஈரமானது. கீழிருந்து மேலே. சுற்றி வந்து. அவசரமே இல்லாமல்.

ளொப்.

இன்னும் பக்கத்துத் தூண்.

ளொப்.

என் வலப்பக்கத் தூண். கைநீட்டினால் தொடலாம்.

நின்றது.

இனித் தூண் இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்…

ளொப்.

என் கணுக்காலில் ஈரம் பட்டது.

நார் நாராக. சில்லென்று. கணுக்காலிலிருந்து மேலே… முழங்கால் வரை. திரும்பக் கீழே. சுற்றிப் பின்பக்கம்.

சர்ர்…

ஓட நினைத்தேன். அப்போது கீழே, என் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு பெண் குரல் மெதுவாகச் சொன்னது.

"அசையாதய்யா… புள்ள தூங்குது."

மேலே, பூட்டிய வீட்டுக்குள், பலகை கிறீச்சிட்டது. சின்ன உடம்பு ஒன்று புரண்டு படுப்பது போல.

கையிலிருந்த கைப்பேசி அடித்தது. ஆமினா அக்கா. நாளைக்கு வாழையிலை சீக்கிரம் வேண்டுமாம். "ஹலோ, யுகேன்? மழையா அங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்காவின் குரல் கேட்டதும்தான் கால் என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது.

ஓடினேன். மோட்டார்சைக்கிள் நினைவுக்கே வரவில்லை. பெரிய சாலையின் பேருந்து நிறுத்தத்தில் விளக்கு எரிந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கால்சட்டைக் கால்களும் முழங்கால் வரை கறுப்பு. முன்னும் பின்னும், ஓர் இடம் விடாமல். அந்த மழையிலும் கரையவில்லை.

மறுநாள் அதே மேசை. அதே ஆள்கள், அதே இடங்கள். கால்சட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். கேட்ட குரலையும் ஒரு சொல் மாறாமல் சொன்னேன். உஸ்மான் முகர்ந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தான். நம் வண்டி எண்ணெய்தான் என்றான். ஆமினா அக்கா செய்தித்தாளின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார்.

ரசாக் அண்ணன் பொட்டலத்தை என் பக்கமே தள்ளினார்.

"நல்லா யோசிச்சிருக்கே தம்பி. எண்ணெய நீயே பூசிக்கிட்டு வந்துட்டே."

சாவியை வாங்கிக்கொண்டார். போலீஸுக்கு இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். வண்டியை இனி அஸ்வான் ஓட்டுவான், ராத்திரி அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் என்றார். இரண்டு வாரம் ஓட்டினார்கள். எண்ணெய் ஒரு மயிரிழை இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு ஆயில் ஸ்டிக்கை என் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"நீ தொடலேன்னா குறையல. இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். போலீஸ் நிலையம் நடக்கிற தூரம்தான். ஆமினா அக்காதான் தட்டைத் துடைத்தபடியே கேட்டார்.

"ஆளு மட்டுமா மாறுச்சு? வண்டி நிக்கிற இடமும்தானே மாறுச்சு?"

அண்ணன் மறுபடி உட்கார்ந்தார். ஆனாலும் நம்பவில்லை. போலீஸ் பேச்சை மட்டும் அந்த வாரம் தள்ளிப்போட்டார்.

உஸ்மானுக்குள் ஏதோ அரித்திருக்கிறது. அன்று வெளியே வந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்: அந்தத் தோட்டத்துப் பழைய கிராணியின் மகள் தன் கடைக்குத்தான் கார் கொண்டுவருவார், இரண்டு தெரு தள்ளி வீடு. "நான் சொன்னேன்னு மாமாகிட்ட சொல்லாத மச்சான்."

அவர் பெயர் தக்ஷாயினி. அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். குனோங் ராபாட் மலைப்பாறைக்குக் கீழே வரிசை வீடு. என்னை முன்னறையில் உட்காரவைத்தார். அப்பாவின் பெயர் பஞ்சலிங்கம், இலங்கையிலிருந்து வந்தவர் என்றார். தூண்களைப் பற்றிக் கேட்டதும் சாதாரணமாகவே பேசினார். தூணுக்கு எண்ணெய் பூசுவது முத்தம்மா என்ற தோட்டத்துப் பெண்ணின் வேலையாம். மாதா மாதம் லாரியில் வடித்த எண்ணெயைத் தகரத்தில் வாங்கி வந்து, தேங்காய் மட்டையால் தேய்ப்பாளாம். ஒரு மழைக்காலத்தில் இரண்டு மாதம் எண்ணெய் கிடைக்கவில்லை. நடுத்தூணைக் கரையான் தின்றுவிட்டது. மாற்றுவதற்காக ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினார்கள். ஜாக்கி வழுக்கிவிட்டது.

"முத்தம்மாட புருஷன் சீனி கீழ நிண்டவர். உத்தரத்துக்குத் தோளைக் குடுத்திட்டார். முட்டுக்கட்டை கொண்டு வாறவரைக்கும் அப்பிடியே நிண்டவர். எடுக்கேக்க உயிர் இல்லை."

அதன் பிறகு அந்த இடத்தில் தூண் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை, தண்டவாளம் கொடுத்தார்கள். முத்தம்மா பூசுவதை விடவில்லை. எல்லாத் தூணுக்கும் பூசிவிட்டு, அந்த வெறும் இடத்திலும் குந்தி, முழங்கால் உயரம்வரை காற்றைத் தேய்ப்பாள். சாகிறவரை செய்தாள். அவள் செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான் கேட்ட குரலை அதுவரை அவரிடம் சொல்லவில்லை. அப்போது சொன்னேன். அசையாதய்யா, புள்ள தூங்குது.

தக்ஷாயினி அம்மா எழுந்தார். போய் வாசல் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்கு அவர்ட காலைப் பிடிச்சுக்கொண்டு அவ சொன்னது அதுதான். எங்கட வீட்டு ஆக்களைத் தவிர வேற ஒருத்தருக்கும் தெரியாது."

"எந்தப் பிள்ளைம்மா?"

"மேல தொட்டில்ல கிடந்தது நான்தான்."

அந்தச் சனிக்கிழமை கிராணி வீட்டில் தங்கிய குடும்பம் பாதி இரவில் காரில் ஏறிப் போய்விட்டது. கதவுகள் சாத்தவில்லையாம். தரை நடுவில் சரிந்து, பிள்ளையின் பால் போத்தல் தானே உருண்டு போனதாம். ரசாக் அண்ணன் தச்சரைக் கூட்டிப் போனார். அவர் சுத்தியல் பிடியால் தூண்களைத் தட்டினார். முரசு போல ஒலித்தது. உளியால் ஓரிடத்தில் கீறிப் பார்த்தார். ஒரு விரல் கனத்துக்குக் கறுப்புத் தோல். அதற்குள் மரமே இல்லை. கரையான் விட்ட மண்கூடுதான். இது நேற்று முந்தாநாள் தின்றதல்ல, எத்தனையோ வருடமாக இப்படித்தான் இருந்திருக்கும், வீடு எதன்மேல் நின்றது என்று தனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டுத் தச்சர் கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

அன்று மாலை அண்ணன் யாரிடமும் சொல்லாமல் அஸ்வானை விட்டுப் பிக்கப்பைப் பழைய இடத்தில் நிறுத்தினார். காலையில் தானே போய் ஆயில் ஸ்டிக்கைப் பார்த்தார்; எண்ணெய் இறங்கியிருந்தது, தூண்கள் ஈரமாக இருந்தன. மறுபடி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அதே மேசை. இந்தத் தடவை என் இடத்தில் தேநீர் இருந்தது. அண்ணனே கொண்டுவந்து வைத்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. யுகேன் எடுக்கல. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

நான் கேட்க விரும்பியது அந்த ஒரு வார்த்தைதான். கண் கலங்கிவிட்டது. அவர் சாவியை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னார். வண்டி இனி அங்கேயே நிற்கட்டும், எண்ணெய் எவ்வளவு போனாலும் அவர் வாங்கித் தருவார், பழையபடி சாயங்காலம் விட்டுக் காலையில் எடுத்தால் போதும்.

அஸ்வானே விடட்டுமே அண்ணே என்றேன்.

அண்ணன் உஸ்மானைப் பார்த்தார். உஸ்மான் தரையைப் பார்த்தான். குழம்புத் தட்டு துடைக்கிற சத்தம் நின்றுபோனது.

"அஸ்வான் விட்டான். ஓரத்துக் கதவெல்லாம் சாத்துது தம்பி. நடுவுலதான் எறக்கம் அப்படியே இருக்கு. நீ அன்னைக்கு நின்னதுக்கு அப்புறம் வந்த ஆளுங்க ஒரு குறையும் சொல்லல…" அவர் குரல் இறங்கியது. "ராத்திரி பூரா வேணாம். கொஞ்ச நேரம் நின்னுட்டு வா. அசையாம நின்னா போதும்லா."

நான் தேநீரைக் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். தேதி, பெறுநர், பொருள் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறைப்படி எழுதினேன். இன்றிலிருந்து வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். என்மேல் குற்றமில்லை என்று நாலு பேர் முன்னால் சொன்னதற்கு நன்றி. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. மடித்து, வண்டிச் சாவியையும் உள்ளே வைத்து, பசை தடவி ஒட்டினேன்.

அஞ்சல் நிலையத்தில் ஷர்மினி என்கிற பெண் இருந்தாள். எங்கள் ஊர்ப் பெண்தான். உறையை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"உள்ள என்ன அண்ணே? சாவியா?"

ஆமாம் என்றேன். முகவரியைப் படித்துவிட்டுக் கண்ணாடி வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்தாள். ரசாக் அண்ணன் கடை வாசலில் நின்று யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தார்.

"கடை எதுக்கதானே இருக்கு? நேர்ல குடுத்துட்டுப் போலாமே."

"நேர்ல போனா சரின்னு சொல்லிருவேம்மா."

அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்கில் போட்டாள்.